எந்த அறையில் எந்த மொழி

— அப்படி மொட்டையாக் கேட்டா எப்படிம்மா பதில் சொல்றது? வீட்டுல என்ன மொழி பேசுறீங்கன்னா, எந்த அறையிலன்னு சேர்த்துக் கேக்கணும்.

— எந்த அறையிலயா? புரியலீங்க ஐயா. என் கணக்கெடுப்புத் தாள்ல "வீட்டில் பெரும்பாலும் பேசப்படும் மொழி எது?"ன்னு மட்டுந்தான் இருக்கு. அறை அறையாக் கேக்கச் சொல்லல.

— சுருக்கமாச் சொல்றேன். இந்த வீட்டுல மட்டும் இல்ல, இந்தத் தெருவுல நம்ம ஆளுங்க இருக்கிற எல்லா வீட்டுலயும் ஹால்னா இங்கிலீஷ், அடுப்படின்னா தமிழ். எங்க தெரு மன்றத்துல தீர்மானம் போட்டு ஏகமனதா நிறைவேத்தினது. தமிழையும் விடக்கூடாது, இங்கிலீஷ்லயும் பின்தங்கக்கூடாது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டு வந்தது யாருன்னு கேளுங்க.

— அவளுக்குத் தெரியாதா? அதான் வாசல்ல "தலைவர் இல்லம்"னு பலகை மாட்டி வச்சிருக்கீங்களே. கேளும்மா, அதனாலதான் நல்ல சோபாவை விட்டுட்டு உன்னை அடுப்படியில இந்த ஆடுற ஸ்டூல்ல உக்கார வச்சிருக்கார். அங்க உக்காந்தா உன்கூட இங்கிலீஷ்ல பேசணுமே.

— தமிழ்ப் பொண்ணு வந்திருக்கு, தமிழ்ல பேசுவோம்னு இங்க கூட்டிட்டு வந்தேன். அது மரியாதை.

— பரவாயில்லீங்க. ஸ்டூலே போதும்.

— பரவாயில்லன்னு சொல்லாதே. நீ சொன்னதை வச்சு சோபாவையும் வித்துடுவார். தீர்மானம் வந்த நாள்லேருந்து இவர் சாப்பிடுறது இங்க, பேப்பர் படிக்கிறது இங்க, முகம் மழிக்கிறதுகூட பாத்திரம் கழுவுற குழாய்கிட்டதான். ஹாலுக்குப் போறது ரெண்டே காரியத்துக்கு. விளக்கை அணைக்க, இல்லேன்னா என்கிட்டேருந்து தப்பிக்க.

— தப்பிக்கவா?

— பின்ன? நான் இங்க நின்னு ஒரு வார்த்தை சத்தமாச் சொன்னாப் போதும், மனுஷன் சட்டுனு எழுந்து ஹாலுக்குப் போயிடுவார். அங்க தமிழ்ல திட்டக்கூடாது பாரு. நான் வாசப்படியில கரண்டியும் கையுமா நின்னு பல்லைக் கடிக்கணும். இவர் கால் மேல கால் போட்டு உக்காந்து என்னைப் பாத்துச் சிரிப்பார்.

— சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான்.

— அப்ப மொழிங்கிற இடத்துல எதை எழுதட்டுங்க?

— தமிழ்னு எழுதும்மா. ஹால்ல பேச்சே கிடையாது. அப்புறம் எந்த மொழின்னு கண்டே?

— ஏன், டிவி பேசல? அது இங்கிலீஷ்தானே? சாயங்காலமானா இவ அங்க போய் உக்காந்து அந்த இங்கிலீஷ் நாடகத்தை ஒண்ணு விடாமப் பாக்குறா. சிரிக்க வேற சிரிக்கிறா.

— படத்தைப் பாத்துச் சிரிக்கிறேன். அந்தக் குண்டு ஆளு கதவுல முட்டிக்கிட்டா சிரிப்பு வராதா? முட்டுறதுக்குப் பாஷை வேணுமா?

— சரிங்க, தமிழ்னே எழுதிக்கிறேன்.

— ஆமா, உங்க வீட்டுல என்ன மொழிம்மா?

— எங்க வீட்டுலயா? அம்மா தமிழ்ல கேப்பாங்க, நான் இங்கிலீஷ்ல பதில் சொல்வேன். கோபம் வந்தா அவங்க இங்கிலீஷ்ல திட்டுவாங்க, நான் தமிழ்ல அழுவேன். தாள்ல என்ன எழுதினோம்னு மட்டும் கேக்காதீங்க.

— அதுக்குத்தான் சொல்றேன், உங்க தெருவுலயும் தீர்மானம் போடணும்.

— போதும், ஊரெல்லாம் ஹாலைப் பூட்ட வேண்டாம். நீ அடுத்ததைக் கேளும்மா.

— அடுத்தது தொழில். பேர் வேண்டாங்க, பேரை எழுதவே கூடாது. என்ன வேலை பாக்குறீங்கன்னு மட்டும் சொன்னாப் போதும். இந்த வீட்டுல நீங்க ரெண்டு பேர்தானே?

— ரெண்டு பேர்தான். பையன் வேற ஊர்ல வேலைக்குப் போயிட்டான். எனக்கு ரயில் நிலைய வாசல்ல சாவி வெட்டுற கடை. முப்பது வருஷமா அதே இடம். கடிகாரத்துக்கு பேட்டரி மாத்துவேன், குடைக் கம்பி நேராக்குவேன். சுருக்கமாச் சொன்னா, நாள் முழுக்க இங்கிலீஷ்காரங்களோடதான் புழக்கம்.

— கேளும்மா, அந்தப் புழக்கத்தை நான் சொல்றேன். வர்றவன் சாவியை நீட்டுவான். இவர் விரலைக் காட்டுவார், ஒண்ணா ரெண்டான்னு. அவனும் விரலைக் காட்டுவான். இவர் "டென் மினிட்ஸ்"ம்பார். குடுக்குறப்ப "தேங்க்யூ"ம்பார். அரை மணி நேரம் ஆகுற வேலையா இருந்தாலும் "டென் மினிட்ஸ்"தான். இங்கிலீஷ்ல அதுக்கு மேல இவருக்கு நேரமே கிடையாது.

— வாடிக்கைக்காரன்கிட்ட வாயளந்துக்கிட்டு நின்னா சாவி கோணலாப் போகும். தொழில் தெரியாம பேசாதே.

— அம்மா என்ன வேலை பாக்குறீங்க?

— முதியோர் இல்லத்துல, துணிப் பகுதியில. துவைக்கிறது மெஷின். தேய்ச்சு, மடிச்சு, அறை அறையாக் கொண்டு போய் அவங்கவங்க அலமாரியில அடுக்குறது நான்.

— அங்க நிறைய பேச வேண்டியிருக்குமாங்க?

— துணிகிட்ட என்ன பேச்சு? மடிச்சு வச்சா வச்ச இடத்துல கிடக்கும். இந்த மனுஷனை விட ஒழுங்கு.

— சரிங்க. இப்பத்தான் முக்கியமான கேள்வி. இதை மட்டும் அச்சுல இருக்கிறபடியே படிக்கணும்னு உத்தரவு. "வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஆங்கிலம் எவ்வளவு பேசுவார்? மிக நன்றாக, நன்றாக, அவ்வளவாக இல்லை, அறவே இல்லை. இவற்றுள் ஒன்றைக் குறிக்கவும்." ஐயாவுக்கு?

— மிக நன்றாக.

— கேட்டு முடிக்கலை, பதில் வந்து விழுந்துடுச்சு.

— அம்மாவுக்குங்க?

— அவளுக்கும் "மிக நன்றாக"ன்னே போடுங்க.

— போடாதேம்மா. எனக்கு "அறவே இல்லை".

— "மிக நன்றாக".

— அறவே இல்லைங்கிறேன், காது கேக்கலையா?

— ஐயா, அம்மா, ரப்பர் இருக்கு. ஆனா ஒரே இடத்துல எத்தனை தடவை அழிக்கிறது? தாள் கிழிஞ்சிடும். யாராவது ஒருத்தர் சொல்லுங்க.

— நான் சொல்றேன். நான் குடும்பத் தலைவன்.

— மன்றத்துக்குத் தலைவர். குடும்பத்துக்கு இன்னும் தேர்தலே வைக்கலை.

— ஐயா கோபிச்சுக்காதீங்க. "மிக நன்றாக"ன்னு யாராவது சொன்னா, ஒரு சின்னக் கேள்வியை இங்கிலீஷ்ல கேட்டுப் பாக்கலாம்னு எங்களுக்கு விதி இருக்கு. கட்டாயம் இல்ல. கேக்கலாமாங்க?

— தாராளமா. ஆனா அடுப்படியில இங்கிலீஷ் கூடாது. தீர்மானம்.

— அப்ப ஹாலுக்குப் போயிடலாமா?

— ஹாலா? ஹாலை இப்பத்தான் துடைச்சது. ஈரம் காயல. இல்ல, நீயே சொல்லு.

— ஆமாம்மா, ஒரே ஈரம். போகாதே, வழுக்கி விழுந்து வைப்பே.

— சரிங்க, வேண்டாம். எனக்கு ஏற்கெனவே காலைலேருந்து நல்ல அலைச்சல். இந்தத் தெருவுல எந்த வீட்டுலயும் இந்தக் கேள்விக்கு மட்டும் பதிலே வர மாட்டேங்குது. "தலைவர் வீட்டுல என்ன எழுதினாங்க?"ன்னு என்னையே திருப்பிக் கேக்குறாங்க. மூலை வீட்டு அக்கா என்னைப் பாத்ததும் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு வீட்டுக்காரரை அனுப்பினாங்க. அவர் வந்து, "இங்கிலீஷா, அவளுக்குப் பிரமாதமா வரும், இன்னைக்குத் தொண்டைதான் சரியில்ல"ங்கிறார். சரின்னு எழுதப் போனா, "இருங்க, எழுதாதீங்க, முதல்ல தலைவர் வீட்டுக்குப் போயிட்டு வாங்க"ங்கிறார்.

— அதுக்குப் பேர் ஒத்துமை. போன தடவை கணக்கெடுத்தப்பவும் அப்படித்தான். ஒரு வீடு விடாம "மிக நன்றாக". அதைப் பாத்துட்டு நகராட்சியில ஒரு அதிகாரி அசந்தே போயிட்டாராம்.

— அசந்து போய் என்ன செஞ்சார்னும் சொல்லுங்க.

— அது இப்ப எதுக்கு?

— சொல்ல மாட்டார். நான் சொல்றேன், கேளும்மா. நம்ம தெருமுனை ஆஸ்பத்திரியில, டாக்டர் சொல்றதைத் தமிழ்ல சொல்லி, நாம சொல்றதை அவருக்கு இங்கிலீஷ்ல சொல்றதுக்குன்னு ஒரு அக்கா இருந்தாங்க. வாரம் பூரா வருவாங்க. போன தடவை நீங்க கணக்கெடுத்துட்டுப் போனீங்க. "இந்தத் தெரு ஜனங்கதான் இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குறாங்களே, இவங்களுக்கு எதுக்கு ஆளு"ன்னு குறைச்சுக் குறைச்சு, இப்ப செவ்வாய்க்கிழமை மட்டும் வர்றாங்க. உடம்பு என்ன, கிழமை பாத்தா கெட்டுப் போகுது?

— அது உண்மைதாங்க. நான் அதைச் சொல்லக்கூடாது, பதிலை என் பக்கம் இழுக்கிற மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லிட்டதால சொல்றேன். இந்தத் தடவையும் எல்லாத் தாளும் அப்படியே வந்தா, அந்தச் செவ்வாய்க்கிழமையும் போயிடும். அவங்களை வேற பகுதிக்கு மாத்தப் போறதாப் பேச்சு.

— கேட்டீங்களா? காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு. அதுக்காக? ஒரு அக்காவுக்காகத் தெருவோட மானத்தையே வித்துடச் சொல்றியா? நாங்க இந்த நாட்டுக்கு வந்த புதுசுல எங்களை என்ன சொன்னாங்க தெரியுமாம்மா? வாயில்லாத ஜனங்கன்னு. என் கடை வாசல்ல, என் எதிர்லயே நின்னு ரெண்டு பேர் பேசிச் சிரிச்சாங்க.

— இங்கிலீஷ்லதானே பேசியிருப்பாங்க? உங்களுக்கு எப்படிங்க புரிஞ்சுது?

— அதுக்கு இங்கிலீஷ் வேண்டாம்மா. முகத்துல எழுதியிருந்துச்சு. அன்னைக்கு நினைச்சேன், இந்தத் தெருவுல ஒருத்தன்கூட "தெரியாது"ன்னு தலைகுனிஞ்சு நிக்கக்கூடாதுன்னு. அதுக்குத்தான் மன்றம், அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை வகுப்பு, அதுக்குத்தான் எல்லாம்.

— அது நல்ல காரியம், நான் குறை சொல்லல. எத்தனை பொண்ணுங்க அந்த வகுப்புல படிச்சுட்டு வேலைக்குப் போயிருக்காங்க. ஆனா கேளும்மா, வகுப்பு நடக்குறப்ப இவர் முதல் வரிசையில உக்காந்து தலையை ஆட்டிக்கிட்டே இருப்பார். வாத்தியாரம்மா வரிசையா ஒவ்வொருத்தரையும் எழுப்பிக் கேள்வி கேப்பாங்க. இவர்கிட்ட வந்ததும், "தலைவரை நான் கேக்குறதா?"ன்னு கும்பிடு போட்டுட்டுத் தாண்டிப் போயிடுவாங்க. தொடங்கி வச்சவர் ஒருத்தர்தான் அந்த வகுப்புல எதையும் கத்துக்காதவர்.

— பதவிக்குக் குடுக்குற மரியாதை அது. நான் என்ன செய்ய முடியும்?

— ஒரு வார்த்தை, "எனக்குத் தெரியலை"ன்னு சொல்ல முடியும். அதை மட்டும் சொல்ல வராது. யார் வந்து எதைக் கேட்டாலும் "எஸ், எஸ், ஓகே". ஒரு நாள் ஒருத்தன் கதவைத் தட்டி என்னமோ கேட்டான். இவர் "எஸ், எஸ், ஓகே"ன்னு கைகுடுத்து அனுப்பினார். மறுநாள் நான் வேலைக்குப் போயிட்டு வந்து பாத்தா வாசல்ல நின்ன மரத்தைக் காணோம். வெட்டட்டுமான்னு கேட்டிருக்கான் அந்தப் பாவி.

— அந்த மரத்தால வீட்டுக்கு வெளிச்சமே இல்லாம இருந்துச்சு.

— சிரிக்காதேம்மா. நீ சிரிச்சா இவருக்கு உற்சாகமாயிடும். மரத்தோட போயிருந்தா நானும் சிரிச்சுட்டுப் போயிருப்பேன். வர்ற மாசம் இவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன்.

— ஐயோ, அப்படீங்களா?

— ஐயோவெல்லாம் எதுக்கு? சாவிக்காரன் நெஞ்சு. அவங்களுக்குத் திறக்க வரலைன்னா நானே ஒரு டூப்ளிகேட் வெட்டிக் குடுத்துடுவேன்.

— இந்த விளையாட்டெல்லாம் இங்கதான். அங்க போய் டாக்டர் எதிர்ல உக்காந்தா "எஸ், எஸ், ஓகே"தான். திறந்து மூடினதுக்கு அப்புறம் என்ன மாத்திரை, எதை எப்ப நிறுத்தணும், எங்க வலிச்சா உடனே ஓடி வரணும்னு அவர் ஆயிரம் சொல்லுவார். அதை நம்ம மொழியில நம்மகிட்ட சொல்ல ஒரு ஆள் பக்கத்துல வேணும். நான் கேக்குறது அது ஒண்ணுதான்.

— அதான் நான் இருக்கேனே, சொல்றதுக்கு.

— நீங்க மயக்கத்துல இருப்பீங்க!

— மயக்கத்துக்கு முன்னாடியும் இருப்பேன், தெளிஞ்ச பிறகும் இருப்பேன்.

— முன்னாடி இருந்த லட்சணத்தைத்தான் பாத்தோமே. இந்தப் பொண்ணுகிட்ட சொல்லட்டுமா?

— குடும்ப விஷயமெல்லாம் கணக்கெடுப்புல வராது.

— ரப்பரைக் கீழ வச்சுட்டு கேளும்மா. போன மாசம் ஒரு நாள், அந்த அக்கா வராத நாள் பாத்து, இவர் தனியா டாக்டர்கிட்ட போனார். நானும் வர்றேன்னேன். "நீ வந்து என்ன பண்ணப் போறே?"ன்னார். சிரிச்ச முகமாத் திரும்பி வந்தார். என்ன சொன்னார்னு கேட்டேன். "எல்லாம் பிரமாதம்னு சொல்லிக் கைகுடுத்தார்"னார். அடுத்த வாரம் கடையில சாவி வெட்டிட்டிருந்தவர், மெஷின் ஓடிட்டிருக்கிறப்பவே அப்படியே சரிஞ்சுட்டார். டாக்டர் சொன்னது என்னன்னா, பழைய மாத்திரையை அடியோட நிறுத்திட்டுப் புதுசை ஆரம்பிக்கணும். இவர் ரெண்டையும் சேத்து முழுங்கியிருக்கார்.

— ரெண்டும் டாக்டர் குடுத்த மாத்திரைதானே? ஒண்ணை விட்டா அவருக்கு மனசு கஷ்டப்படும்னு நினைச்சேன்.

— டாக்டர் விரலை மடக்கி மடக்கிச் சொல்லி, "புரிஞ்சுதா, புரிஞ்சுதா"ன்னு கேட்டிருக்கார். ஒவ்வொரு தடவையும் இவர் "எஸ்"ஸுன்னிருக்கார்.

— நீங்கதான் கூடப் போகலையேம்மா? அவர் அப்படிக் கேட்டதும், ஐயா எஸ்னு சொன்னதும் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— யாரோ சொன்னாங்க. அதை விடு.

— எஸ்ஸுன்னு சொன்னது ஒரு குத்தமா? எதிர்ல ஒரு படிச்ச மனுஷன் மூச்சுவிடாம அவ்வளவு நேரம் பாடுபட்டுப் பேசுறார். அவரைப் பாத்து "நோ"ன்னா சொல்றது? இருங்க, ஃபோன் அடிக்குது. சலூன்காரன். சொல்லு தம்பி. ஆமா, அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கு. இன்னும் எழுதலை. சேச்சே, யோசனையெல்லாம் ஒண்ணும் இல்ல. யாருக்கு, உன் சம்சாரத்துக்கா? உன் சம்சாரத்துக்கு என்ன வரும்னு எனக்கு எப்படிடா தெரியும்? "மிக நன்றாக"வா? அவ வகுப்புப் பக்கமே வந்ததில்லையேடா! சரி சரி. எழுதினதும் சொல்றேன். அதுவரைக்கும் கத்தரியைக் கீழ வை, எவன் காதையாவது வெட்டித் தொலைக்காதே. வச்சிடு.

— என்னவாம்?

— எல்லாரும் அவன் கடையிலதான் கூடியிருக்காங்களாம். நான் எதை எழுதுறேனோ அதையே எழுதப் போறாங்களாம்.

— யார் யார் இருக்காங்க?

— மூலை வீட்டுக்காரர், பேக்கரிக்காரர், மாடி வீட்டு பெயின்டர்.

— பெயின்டர் சம்சாரம் முழுகாம இருக்கா, தெரியுந்தானே? தலைப்பிள்ளை. அவளுக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து வராது. வலி எடுத்தா அவ யார்கிட்ட போய் எங்க வலிக்குதுன்னு சொல்லுவா? அவ புருஷனும் உங்க சிஷ்யன்தான், "எஸ், எஸ், ஓகே"ம்பான். பதில் சொல்லுங்க தலைவரே.

— ஐயா, நான் எந்தப் பக்கமும் பேசக்கூடாதுங்க. சாயங்காலம் தாளையெல்லாம் ஒப்படைக்கணும். நீங்க சொல்லிட்டீங்கன்னா மத்த வீடுங்களை ஓட்டமா ஓடி முடிச்சுடுவேன். அதான்.

— சரி, நான் ஒரு வழி சொல்றேன். என்னங்க, உங்களுக்கு "மிக நன்றாக"ங்கிறதுதானே வேணும்? வச்சுக்கோங்க. சலூன்காரரும் பெயின்டரும் வச்சுக்கட்டும். ஆம்பளைங்க எல்லாரும் இங்கிலீஷ்ல வெளுத்துக் கட்டுங்க. பொம்பளைங்க எங்களுக்கு மட்டும் "அறவே இல்லை"ன்னு போடச் சொல்லுங்க. உங்க மானமும் தப்பிக்கும், அந்த அக்காவும் தங்குவாங்க. எங்களைப் பாத்து யாராவது சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும், நாங்க தாங்கிக்கிறோம்.

— நல்ல யோசனையா இருக்கேங்க. ஐயோ, நான் சொல்லலைங்க, வாய் தவறி வந்துடுச்சு.

— முடியாது. இவளுக்கு "அறவே இல்லை"ன்னு எழுத நான் விட மாட்டேன்.

— ஏன்? தலைவர் சம்சாரம் தற்குறின்னு தெரு பேசும்னா?

— அதில்ல.

— பின்ன எது? இவ்வளவு இறங்கி வந்தும் உங்களுக்கு வீம்பா?

— பொய்யை எழுதக்கூடாது.

— பொய்யைப் பத்தி யார் பேசுறது பாரும்மா! ஈரம் காயாத ஹால்ல போய் உக்காந்து பேசச் சொல்லு இவரை.

— பென்சிலை எடுங்கம்மா. அங்க சாவிக்காரன்னு எழுதியிருக்கீங்கல்ல, அதுக்கு நேரா எழுதுங்க. "அறவே இல்லை."

— ஐயா?

— என்னங்க! என்ன சொல்றீங்க?

— "அவ்வளவாக இல்லை"ன்னு வேணும்னா போடட்டுமாங்க? "டென் மினிட்ஸ்", "தேங்க்யூ" எல்லாம் வருதுங்களே.

— வேண்டாம். செய்யுறதை ஒழுங்காச் செய்வோம். "அறவே இல்லை." சலூனுக்கு நானே நடந்து போய், எல்லார் எதிர்லயும் சொல்லிடுறேன். அவனவன் உள்ளதை உள்ளபடி எழுதணும், தலைவர் வீட்டுலயே அப்படித்தான் எழுதியாச்சுன்னு.

— இப்படி உக்காருங்க முதல்ல. நெஞ்சு அடைக்குதா? வேர்க்குதா? தண்ணி தரட்டுமா?

— ஒண்ணும் இல்லடி. லேசாத்தான் இருக்கு. ரொம்ப நாளைக்கு அப்புறம் இப்பத்தான் லேசா இருக்கு.

— எழுதிட்டேங்க ஐயா. அப்ப அம்மாவுக்கும் அதேதானேங்க?

— அதேதாம்மா. எழுதிட்டு சீக்கிரம் கிளம்பு, இவர் மனசு மாறிடப் போகுது.

— எழுதாதீங்க. அவளுக்கு நான் முதல்லயே சொன்னேன். "மிக நன்றாக."

— மறுபடியுமா? உங்களுக்கு என்னதான் ஆச்சு இன்னைக்கு?

— கடையில நான் சரிஞ்சேன்னு சொன்னாளேம்மா, அன்னைக்கு என்னை ஆஸ்பத்திரி வராந்தாவுல தள்ளுவண்டியில போட்டு வச்சிருந்தாங்க. கண்ணைத் திறக்க முடியலை. காது மட்டும் திறந்திருந்துச்சு. பக்கத்துல ஒரு பொம்பளை டாக்டரைப் பிடிச்சு நிறுத்தி வச்சுப் பேசிட்டிருந்தா. சுத்தமான இங்கிலீஷ்ல. தடுமாத்தம் கிடையாது, தயக்கம் கிடையாது. அவர் ஒண்ணு சொன்னா இவ ரெண்டு கேட்டா. யாரோ பெரிய உத்தியோகத்துல இருக்கிற அம்மா போலிருக்குன்னு நினைச்சுக் கேட்டுட்டே கிடந்தேன். நடுவுல மூக்கை உறிஞ்சினா. அப்பத்தான் இவதான்னு தெரிஞ்சுது.

— நீங்க முழிச்சிருந்தீங்களா?

— அம்மா, நீங்களா? "அறவே இல்லை"ன்னு என்னை எழுதச் சொன்னீங்களே!

— என்னை என்ன செய்யச் சொல்றே? அந்த இல்லத்துல இருக்கிறவங்க பேச்சுத்துணைக்கு ஆளில்லாதவங்கம்மா. மடிச்ச துணியைக் கொண்டு போனா, கையைப் பிடிச்சு உக்கார வச்சு, பிள்ளை குட்டி கதையெல்லாம் சொல்லுவாங்க. கேட்டுக் கேட்டு வந்துடுச்சு. முதல்ல இவர்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். அந்தச் சமயம் பாத்து இவரைத் தலைவராக்கிட்டாங்க. மாலையோட வந்து நிக்கிறார் மனுஷன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? டாக்டர் எதிர்ல இவருக்கு நான் எடுத்துச் சொன்னா இவருக்குக் குறை. அந்த அக்கா சொன்னா குறையில்ல. அதுக்குத்தான் அவங்க வேணும்னு மல்லுக்கு நின்னேன்.

— எனக்கு ஒரு குறையும் இல்ல. எழுதுங்கம்மா, "மிக நன்றாக".

— இத்தனை நாள் தெரிஞ்சுமா தெரியாத மாதிரி இருந்தீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?

— எப்படிக் கேப்பேன்? நீ என்ன பேசினேன்னு எனக்குப் புரியலைன்னு முதல்ல ஒத்துக்கணுமே.

— அம்மா அவர்கிட்ட என்னதாங்க பேசினாங்க, ஐயா?

— எனக்கு எப்படிம்மா தெரியும்? அவ்வளவு நேரம் பேசினதுல எனக்குப் புரிஞ்சது "ப்ளீஸ்" ஒண்ணுதான். முப்பது வருஷத்துல என்கிட்ட எதுக்காகவும் கெஞ்சாதவ, அந்த டாக்டர்கிட்ட அதையே திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருந்தா.